சாமி, டிக்கெட்?

ரயிலில் வித்தவுட்டில் வருகிறவர்களை 36 வருஷம் பார்த்த டிக்கெட் பரிசோதகன் நான். 1985 இல் போட்ட கறுப்புக் கோட்டை 2021 இல் கழற்றினேன். பாதிப் பேர் கோட்டைக் கண்டதும் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். மீதிப் பேர் தூங்குவார்கள். நிஜமாகத் தூங்குகிறவனுக்கு வாய் லேசாகத் திறந்திருக்கும், நடிக்கிறவனுக்கு இறுக மூடியிருக்கும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித் தரவில்லை.

இரண்டிலும் சேராத ஒரு ரகம் உண்டு. ஜெனரல் பெட்டியில் கதவோரம், தரையில், மூட்டையில் சாய்ந்தபடி உட்கார்ந்திருப்பார்கள். "சாமி, டிக்கெட்?" என்றால் முகத்தை நேராகப் பார்த்து "இல்லப்பா" என்பார்கள். பர்ஸ் தொலைந்த கதை கிடையாது, ஆஸ்பத்திரியில் அம்மா கிடக்கிற கதை கிடையாது. இறங்கு என்றால் இறங்குவார்கள். அடுத்த வண்டியில் ஏறுவார்கள். எங்கள் ரிப்போர்ட்டில் அவர்களுக்கு ஒரு பெயரும் இல்லை. எங்களுக்குள் "பரதேசி கேஸ்" என்போம்.

சில மாதத்துக்கு முன் பேத்தி பள்ளியிலிருந்து வந்து, "பரதேசின்னா என்ன தாத்தா?" என்று கேட்டாள். வகுப்பில் ஒரு பையன் இவளை அப்படித் திட்டியிருக்கிறான். வேற்று தேசத்திலிருந்து வந்தவன் என்றுதான் அர்த்தம் என்றேன். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568 இல் கட்டிய யூதர் கோயிலுக்குப் பரதேசி சினகாக் என்றே பெயர், அங்கே யாரும் அதைத் திட்டாக எடுத்துக்கொள்வதில்லை என்றும் சொன்னேன். நம் ஊரில்தான் வெளியூர்க்காரன் பிச்சைக்காரனாகி, பிச்சைக்காரன் வசவாகிவிட்டான். அதெல்லாம் அவள் காதில் விழவில்லை. "அந்த மாதிரி ஆளுங்க இப்ப இருக்காங்களா?" என்றாள். "இருக்காங்களே" என்று உடனே சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான், கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன்.

சரி, யாரைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். பூம்பூம் மாட்டுக்காரரும் குடுகுடுப்பைக்காரரும் இதில் சேர மாட்டார்கள். அது அவர்கள் குலத்தொழில், குடும்பத்தோடு அலைகிறவர்கள், திரும்பிப் போக ஒரு இடம் இருக்கும். சிக்னலில் கை நீட்டுகிறவரும் இல்லை, அவர் அதே சிக்னலில்தான் நாளைக்கும் நிற்பார். நான் சொல்வது தனி ஆள். வீட்டை விட்டவர், இன்னொரு வீடு தேடாதவர், ஓர் ஊரில் நிற்காதவர்.

எங்கள் ஊர் பரமக்குடிக்கும் சத்திரக்குடிக்கும் நடுவில், ராமேஸ்வரம் ரோட்டின் மேலேயே இருக்கிறது. அந்த ரோட்டில் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால் போதும், வேறு சரித்திரம் வேண்டாம். சத்திரக்குடி, அப்புறம் மண்டபம், கடலைத் தாண்டினால் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். சத்திரம், மண்டபம், மடம் எல்லாமே நடந்து வந்தவன் உட்கார்ந்து எழுந்த இடங்கள். எங்கள் வீட்டுத் திண்ணையும் அந்த வரிசையில் ஒரு சின்னக் கண்ணி என்றுதான் என் அப்பத்தா நினைத்துக்கொண்டிருந்தார்.

காசியிலிருந்து வந்த பைராகிகள் சிம்டா என்கிற நீள இரும்பு இடுக்கியைத் தட்டிக்கொண்டு வருவார்கள். ராமேஸ்வரத்துக் கடல் மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கரைத்துவிட்டு, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதசாமிக்கு ஊற்றினால்தான் யாத்திரை முடியும். அப்படிச் செம்பை மெழுகு வைத்து அடைத்துத் தோளில் தொங்கவிட்டு வந்தவர்களை நான் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறேன். உள்ளூர்ப் பண்டாரங்கள் வருவார்கள். வெள்ளிக்கிழமையில் பச்சைத் தலைப்பாகையோடு ஒரு பக்கிரி, கையில் தாயிரா மேளத்தோடு, நாகூரிலிருந்து ஏர்வாடிக்குப் போகிற வழியில் வருவார். அவர் தட்டிப் பாடினால் எங்கள் நாய்கூடக் குரைக்காது. அப்பத்தா எல்லோருக்கும் ஒரே கணக்குதான் வைத்திருந்தார். நீராகாரம், வெங்காயம், ஒரு ராத்திரி. எந்த ஊர் என்று கேட்கலாம், பேர் கேட்கக் கூடாது.

இதைக் கேட்டு அந்தக் காலத்துத் திண்ணையைக் கொண்டாட வேண்டாம். காவி கட்டியிருந்தால் சாதி தெரியாது, அதனால் திண்ணை. காவி இல்லாமல் பசித்து வந்த ஆளை அப்பத்தா திண்ணையில் ஏற்றி நான் பார்த்ததில்லை. அவருக்கும் நீராகாரம் உண்டு, ஆனால் வேப்பமரத்தடியில், வேறு சட்டியில். காவித் துணிக்கு இருந்த பெரிய உபயோகமே இதுதானோ என்று பிற்பாடு எனக்குத் தோன்றியிருக்கிறது.

சத்திரங்களில் வேறு மாதிரி. தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி 1801 இல் அங்கே இருந்த ரெசிடெண்டுக்கு, அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதிக்கு, ராமேஸ்வரப் பாதையில் தம் வம்சத்தார் நடத்தும் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். வருகிற எல்லா சாதியாருக்கும், யோகிகள் ஜங்கமர்கள் பைராகிகளுக்கும் சோறு போடுகிறோம், நோயாளிக்கு மருந்து தருகிறோம், கர்ப்பிணி வந்தால் பிரசவம் பார்க்கிறோம் என்று அதில் இருக்கிறது. சத்திரத்து மானியத்தில் வெள்ளைக்காரன் கை வைத்துவிடுவானோ என்ற பயம் அவருக்கு. ஒரத்தநாட்டில் அவர் தம் அன்புக்குரிய முத்தம்பாள் பெயரில் கட்டிய சத்திரக் கட்டடம் இன்னும் நிற்கிறது. "சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தய்யங்கார் சிபாரிசா?" என்று ஒரு பழமொழியே உண்டு. இன்றைக்குச் சத்திரம் என்றால் திருச்சியில் பஸ் ஸ்டாண்டு, மற்ற ஊர்களில் லட்ச ரூபாய் வாடகைக்கு விடும் கல்யாண மண்டபம்.

1988 வரைக்கும் ராமேஸ்வரத்துக்கு ரோடு கிடையாது, ரயில் பாலம் மட்டும்தான். 1914 இல் கட்டியது. காசியிலிருந்து நடந்தே வருகிறேன் என்று வைராக்கியம் பிடிக்கிற சாமியாரும் மண்டபத்தில் ரயிலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் படகு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருஷம் அந்த ஒரு துண்டுக்கு டிக்கெட் கேட்பது எனக்கே கூச்சமாக இருக்கும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்தவரிடம் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு என்ன கேட்பது? ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவேன். கடல் பார்க்கிற மாதிரி.

எப்போதும் அப்படி இருந்துவிடவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

மீட்டர் கேஜ் காலம். ஒரு மார்ச் மாதக் கடைசி, என் கேஸ் எண்ணிக்கை குறைவாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி வண்டியில் கதவோரம் ஒரு கிழவர். எழுபது இருக்கும். மூட்டை, ஒரு அலுமினியத் தூக்கு. "இல்லப்பா" என்றார். எனக்கு என்னவோ அந்த "அப்பா" எரிச்சலாக இருந்தது. அடுத்து வந்த சின்ன ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன். தனியாக வரும் பெண்ணையோ குழந்தையையோ ஜங்ஷன் மாதிரி பெரிய ஸ்டேஷனில்தான், அதுவும் பகலில்தான் இறக்கலாம் என்று ரயில்வே சட்டம் சொல்கிறது. கிழவருக்கு அப்படிப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. சட்டப்படி நான் செய்தது சரி. பிளாட்பாரத்தில் ஒரு பல்பு எரிந்தது. அவர் திட்டவில்லை. "ராமேஸ்வரம் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி நடக்க ஆரம்பித்தார். வண்டி அவரைத் தாண்டிப் போகும்போது நான் கதவில் நின்றிருந்தேன், அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் திரும்பும்போது அந்த ஸ்டேஷனில் விசாரித்தேன். யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்புறம் ஓய்வு பெறுகிறவரை காவித் துணியிடம் நான் அபராதம் கேட்டதில்லை. இது புண்ணியம் இல்லை, பயம்.

2007 ஆகஸ்டில் மானாமதுரை–ராமேஸ்வரம் பாதை அகலப்பாதையானது. பிறகு காசியிலிருந்தே நேராக வண்டி வந்தது. நடக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. பைராகிகள் கூட்டமாக வந்து, 22 தீர்த்தத்திலும் குளித்து, அதே வண்டி திரும்பும்போது ஏறிப் போனார்கள். எங்கள் ஊர் ரோட்டில் காவி குறைந்தது அப்போதிலிருந்துதான். அதற்குள் எங்கள் திண்ணையும் போயிருந்தது. ரோட்டை அகலப்படுத்தினார்கள், திண்ணை இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக் கோடு ஓடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் தீவுக்குள் போகவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு வேலையாக ராமேஸ்வரம் போனபோது பஸ் ஜன்னலில் பார்த்தேன். ரோட்டுப் பாலத்தின் ஓரமாக, காற்றில் துணி படபடக்க, நாலைந்து சாமியார்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். இறங்கிப் போய்ப் பேச வேண்டும் போல இருந்தது. பஸ் நிற்கவில்லை.

பேத்தியின் கேள்விக்குப் பிறகு திருவண்ணாமலை போனேன். சென்னை பீச்சிலிருந்து இப்போது நேரடி ரயில் இருக்கிறது, மகள் வீட்டிலிருந்து வசதி. பௌர்ணமி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போனேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், காவித் துணிக்குப் பஞ்சமே இல்லை. நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பு, கொசுவலை, வாட்டர் கேன். நிறையப் பேரிடம் பேச்சுக் கொடுத்தேன், பழைய தொழில் புத்தி. "எவ்வளவு நாளா இங்க?" என்றால் ஒருவர் ஆறு வருஷம் என்றார், இன்னொருவர் பதினொன்று. ஒருவர் தன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டதாக என்னிடம் புகார் சொன்னார், நான் இன்னும் கோட்டு போட்டிருப்பதுபோல.

இவர்களைக் குறை சொல்ல நான் யார். ஆனால் அலைகிறவர்கள் என்று இவர்களைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துச் சந்நியாசி மழைக்கால நாலு மாதம் தவிர ஓர் இடத்தில் நிற்கக் கூடாது என்று விதி. விதியைவிடச் சோறுதான் அவர்களை நடக்க வைத்தது என்பது என் கட்சி. அப்போது சோறு ஊருக்கு ஒரு கைப்பிடி என்று சிதறிக் கிடந்தது. ஒரே வீட்டில் ரெண்டாம் நாளும் போய் நின்றால் அப்பத்தாவே முகம் சுளிப்பார். நடந்தால்தான் வயிறு நிறையும். இப்போது சோறு சில இடங்களில் மொத்தமாகக் கிடைக்கிறது. கோயில்களில் 2002 முதல் அன்னதானம் அரசுத் திட்டமாகவே நடக்கிறது, திருவண்ணாமலையில் அது போக வண்டி வண்டியாகப் பொட்டலம் வருகிறது. வடலூரில் வள்ளலார் 1867 இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. நல்லதுதான். ஆனால் சோறு ஓரிடத்தில் இருக்கும்போது கால் எதற்கு வேறிடம் போகும்?

பின்மாலையில், நிருதி லிங்கம் தாண்டி ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். காவி இல்லை. நரைத்த நீலச் சட்டை, வேட்டி, தோளில் உரச்சாக்கில் தைத்த பை. பட்டன் போனைக் கடையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு அது ஏறுகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தார். செருப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பொறி தட்டியது. டயரில் அறுத்த செருப்பு, குதிகால் பக்கம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. உட்கார்ந்திருக்கிறவன் செருப்பு அப்படித் தேயாது.

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தவராம். மனைவி இறந்த பிறகு மகன்கள் இருவர் வீட்டிலும் மாறி மாறி இருந்தார். "அங்கயும் மாசம் மாசம் மாறிக்கிட்டுத்தானே இருந்தேன். அதையே கொஞ்சம் பெருசாச் செய்றேன்" என்றார். ஒன்பது வருஷமாக நடக்கிறார். சித்திரைக்கு மதுரை, ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி, கார்த்திகைக்குத் திருவண்ணாமலை, தைப்பூசத்துக்கு வடலூர், மாசியில் ராமேஸ்வரம் பக்கம். ஐப்பசி மழைக்கு மட்டும் ஒரு மூடிய ரைஸ்மில் வராந்தா இருக்கிறது, ஊர் சொல்ல மாட்டேன் என்றார், சொன்னால் பூட்டிவிடுவார்களாம். அமாவாசை அன்றைக்குச் சின்ன மகன் போன் செய்வான். அதற்குத்தான் சார்ஜ்.

"ஒரு இடத்துல எத்தனை நாள் இருப்பீங்க?"

"மூணு நாளுங்க. அதுக்கு மேல இருந்தா பேரு கேப்பாங்க. அஞ்சு நாள் இருந்தா என்ன ஆளுங்கன்னு கேப்பாங்க."

'என்ன ஆளுங்க' என்றால் சாதி. காவி ஏன் கட்டவில்லை என்று கேட்டேன். காவி கட்டினால் ஜாதகம் பார்க்கச் சொல்கிறார்கள், காலில் விழுகிறார்கள், அப்புறம் திருட்டு ஏதாவது நடந்தால் போலீஸ் முதலில் அவர்களைத்தான் அள்ளுகிறது என்றார். ஆதார் வைத்திருக்கிறார், பிளாஸ்டிக் உறைக்குள், இடுப்பில். ராத்திரி ரோந்து வருகிறவர்கள் டார்ச் அடித்தால் முதலில் அதைத்தான் நீட்டுவாராம். அதில் இருப்பது பெரிய மகன் வீட்டு விலாசம். அந்த வீட்டையே மகன் விற்றுவிட்டான். "இல்லாத வீட்டுக்காரன் நானு" என்று சிரித்தார்.

அந்த டார்ச்சுக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. பிச்சையெடுத்தலைத் தடுக்க 1945 இல் மதராஸ் மாகாணத்தில் போட்ட சட்டம் இங்கே அமலில் இருக்கிறது. டெல்லியில் இதே மாதிரி சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018 இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ரயிலில் பிச்சையெடுத்தால் ரயில்வே சட்டம் 144 ஆம் பிரிவு. நானே அதைப் பலருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

இன்னொரு கூட்டத்தையும் நாம் பரதேசி என்றே தாண்டிப் போனோம். பேர் சொல்லத் தெரியாதவர்கள், குளிர்காலத்திலும் சட்டை இல்லாதவர்கள், எந்த மொழிக்கும் பதில் சொல்லாதவர்கள். வடக்கே எங்கோ வண்டி ஏறி, பாதை முடிகிற ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். எங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 ஆம் தேதி, சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, கதவோரம் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் வைராக்கியத்தில் கிளம்பியவர்கள் இல்லை என்று. மனநலம் குன்றி அலைகிறவரைக் கண்டால் பாதுகாப்பில் எடுத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று 2017 ஆம் வருஷச் சட்டம் போலீஸுக்குச் சொல்கிறது. என் காலத்தில் நாங்கள் செய்தது அவர்களை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டதுதான்.

நீலச் சட்டைக்காரருக்கு நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார், பணம் நீட்டியபோது வேண்டாம் என்றார், பிறகு யோசித்து இருபது ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். மாசியில் ராமேஸ்வரம் பக்கம் வந்தால் பரமக்குடி தாண்டி நம்ம வீட்டுக்கு வாங்க என்று விலாசம் சொன்னேன்.

"திண்ணை இருக்குங்களா?" என்றார்.

"கார் ஷெட் இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல.

ஊருக்கு வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு, கேட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி ஆறடிக்கு ஒரு சிமெண்டு மேடை போடச் சொன்னேன். மேலே நாலு தகரம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "குடிகாரன்தான் சார் வந்து படுப்பான்" என்றார். மனைவிக்கும் அதே அபிப்பிராயம்தான். பேத்தி மட்டும் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறாள்.

மாசி முடிந்துவிட்டது. நீலச் சட்டைக்காரர் வரவில்லை. போன வாரம் முதல்முறையாக மேடையில் ஒருவர் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி, நன்றாகக் குடித்திருந்தார். விடியற்காலையில் எழுந்து போயிருக்கிறார், ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு. கேட்டுக்குள் எடுத்து வைத்திருக்கிறேன்.